தாளில் இல்லாத களி

எனக்குப் புற்றுநோய் வந்ததைவிட, அதற்கு வைத்தியம் முடிந்து நான் குண்டாகி வந்ததுதான் எங்கள் தெருவில் பெரிய பேச்சாக இருந்தது. இடது மார்பை எடுத்தார்கள். ஆறு தடவை மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டி, திரும்ப முளைத்து, 2006 ஏப்ரலில் நான் மறுபடியும் ஓசூர் ரோஜாப் பண்ணைக்கு வேலைக்குப் போனபோது எழுபத்தாறு கிலோ இருந்தேன். ஒட்டி உலர்ந்து கிடப்பாள், பார்த்து ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டுப் போகலாம் என்று வந்தவர்களெல்லாம் ஏமாந்து போனார்கள்.

பெங்களூர் டாக்டர் என் சீட்டைப் பார்த்துக்கொண்டே, மாத்திரையை ஐந்து வருஷம் விடாமல் சாப்பிட வேண்டும், எடையைக் குறைத்தே ஆக வேண்டும், இந்த நோய்க்கு உடம்பில் கொழுப்பு சேரக் கூடாது என்று கன்னடத்தில் சொன்னார். எப்படிக் குறைப்பது என்று நான் கேட்பதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே இன்னும் அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள், அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

எப்படி என்பதை என் மகள் சுசித்ரா சொன்னாள். அவள் பெங்களூரில் ஒரு கால் சென்டரில் இருந்தாள். அமெரிக்காக்காரனுக்கு எந்த மிஷின் ரிப்பேர் ஆனாலும் இங்கிருந்து போனில் சமாதானம் சொல்கிற வேலை. அங்கே கம்ப்யூட்டரில் தேடி எடுத்ததை ஒரு முழுத்தாளில் எனக்காகத் தமிழில் எழுதிக்கொண்டு வந்தாள். மாவுச் சத்தைக் குறைக்க வேண்டுமாம், அமெரிக்காவில் எல்லோரும் இதைச் செய்துதான் இளைக்கிறார்களாம். அரிசி, கோதுமை, மைதா, பிரெட், உருளைக்கிழங்கு, சர்க்கரை, வெல்லம், பிஸ்கட், பாஸ்தா எதுவும் கூடாது. முட்டை, கோழி, மீன், கீரை, காய், பன்னீர் சாப்பிடலாம். பாஸ்தா என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. தெரியாததை விடுவது சுலபம், அன்றைக்கே விட்டுவிட்டேன்.

தாளைக் கொடுத்த கையோடு அவளை ஐந்து மாத டிரெய்னிங் என்று கம்பெனி புனேவுக்கு அனுப்பிவிட்டது. நான் தாளை அரிசி டின்னுக்கு மேலே சுவரில் ஒட்டினேன். இட்லியை விட்டேன். டிபன் பாக்ஸில் சோறு கொண்டுபோவதை விட்டேன். பண்ணையில் பத்து மணி டீக்குத் தரும் பன்னை, எதிர் மேசை ரங்கம்மாவிடம் தள்ளிவிட்டேன். இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு நாளைக்கு ஐந்து டீ குடித்தவள், சர்க்கரை இல்லாத டீயை முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினேன். மத்தியானத்துக்கு இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் கீரை.

காலையும் இரவும் வழக்கம்போலக் களி. அதைப் பற்றித் தாளில் ஒரு வார்த்தை கிடையாது. கேழ்வரகு என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எழுதாததை நான் ஏன் விட வேண்டும்? தேன்கனிக்கோட்டையில் சர்க்கரை வியாதிக்காரர்கள் எல்லோருக்கும் டாக்டர்களே களி சாப்பிடச் சொல்கிறார்கள், ஆகவே அது மருந்து என்றுதான் என் கணக்கு. களி கிண்டும்போது சேர்க்கிற நொய்யரிசியைக்கூட நிறுத்திவிட்டேன். நொய் அரிசியில் சேர்த்தி அல்லவா? அவ்வளவு நேர்மையாக இருந்தேன்.

எடை குறைந்தது. பஸ் ஸ்டாண்டில் கலர் பல்பு சுற்றும் எடை மிஷினில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஏறுவேன். எழுபத்தாறு எழுபத்து மூன்றானது, எழுபத்தொன்று ஆனது. சீட்டில் எடைக்குக் கீழே, நீங்கள் பிறர் மனதைக் கவர்பவர் என்றெல்லாம் அச்சடித்திருக்கும். அதையும் சேர்த்து சுசித்ராவுக்குப் போனில் படித்துக் காட்டுவேன்.

"சோறு சாப்புட்டியாம்மா?" என்று கேட்பாள்.

"இல்ல."

"சப்பாத்தி? இட்லி?"

"தொடறதே இல்லடி."

"சூப்பர்மா. அப்படியே மெயின்டெயின் பண்ணு."

களி சாப்பிட்டாயா என்று அவள் கேட்கவில்லை. மூச்சு விட்டாயா என்று யாராவது கேட்பார்களா? எங்கள் வீட்டில் களி அந்த மாதிரி.

ஆகஸ்டில் எடை தடதடவென்று இறங்கியது. அறுபத்தேழு. ரவிக்கை எல்லாவற்றையும் இரண்டு விரற்கடை பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. பண்ணையில் ரோஜாக் காம்புகளை நீளம் பார்த்துப் பிரித்துக் கட்டுவதுதான் எங்கள் வேலை. எதிர் மேசையிலிருந்து ரங்கம்மா தினமும் என்னைத் தலையிலிருந்து கால்வரை அளப்பாள். அவள் தளிப் பக்கத்துக்காரி, பாதி கன்னடம் பாதி தமிழ்.

"ஊட்டா ஆயித்தா நஞ்சக்கா?" என்று சாப்பாட்டை விசாரித்து ஆரம்பிப்பாள். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, "ரொம்ப எளைச்சிப் போய்ட்டியே. மறுக்கா ஏதாச்சும்...?"

"டயட்டுடி. டயட்டு இருக்கறன்" என்று நான் சத்தமாகச் சொல்வேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமை! நோய் என்னைத் தின்னவில்லை, நானாகத்தான் கரைகிறேன் என்று அந்த ஷெட்டில் இருந்த நாற்பது பேருக்கும் கேட்க வேண்டும்.

வீட்டுக்காரர் திம்மராயன்தான் சரியில்லை. அவர் சிப்காட்டில் லேத் ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். நான் எடைச் சீட்டைக் காட்டினால் வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, "போதும் நஞ்சி. இதோட நிறுத்திக்கோ" என்பார்.

"பொண்டாட்டி ஒல்லியானா கண்ணு உறுத்துதா மாமா?" என்று கிண்டல் செய்வேன். அவர் சிரிக்க மாட்டார். எனக்குக் கோபம் வரும். குண்டாக இருந்தபோதும் இப்படித்தான் வாய் திறக்காமல் இருந்தார், இந்த மனுஷனுக்கு எதுதான் பிடிக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

செப்டம்பரில் சுசித்ரா திரும்பி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். என்னைக் கட்டிப் பிடித்து, இடுப்பைச் சுற்றிக் கை கோத்துப் பார்த்து, "அய்யோ அம்மா, ஹீரோயின் மாதிரி ஆய்ட்ட!" என்று கத்தினாள். நாட்டுக்கோழிக் குழம்பு வைத்திருந்தேன். அவளுக்குச் சோறும் திம்மராயனுக்குக் களியும் போட்டேன். என் தட்டில் இரண்டு களி உருண்டையை வைத்து நடுவில் குழி பறித்துக் குழம்பை ஊற்றினேன்.

அவள் என் தட்டையே பார்த்தாள்.

"இன்னைக்கு மட்டும் களியாம்மா?"

"இன்னைக்கு என்னா, தெனமும்தான். காலைல ரெண்டு, ராத்திரி ரெண்டு. இன்னைக்கு நீ வந்தன்னு மத்தியானமும்."

"அஞ்சு மாசமாவா?"

"ஆமாண்டி. உன் தாள்ல கேழ்வரகு கூடாதுன்னு இல்லியே."

சுசித்ராவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "அம்மா, அரிசி மாதிரிதாம்மா கேழ்வரகும். அதுவும் மாவுச் சத்துதான். அமெரிக்காக்காரனுக்குக் கேழ்வரகே தெரியாது, அதான் அதுல இல்ல. நான்தான் யோசிச்சிச் சேர்த்திருக்கணும். நாலு உருண்டை சாப்பிட்டா அது டயட்டே இல்லம்மா."

"டயட்டு இல்லன்னா..." என்று நான் ஆரம்பித்தேன்.

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை, மூன்று பேருக்கும் அதே கேள்விதான். டயட் இல்லையென்றால் ஒன்பது கிலோ எப்படிக் குறைந்தது? என் உடம்பிலிருந்து அதை எடுத்துக்கொண்டது எது? திம்மராயன் எழுந்து கையைக் கழுவிவிட்டு வெளியே போனார். அவர் தட்டில் பாதிக் களி அப்படியே இருந்தது. சுசித்ரா அழத் தொடங்கினாள். "நான் சரியா எழுதலம்மா, நான் சரியா எழுதல" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் முதுகில் ஒரு அடி வைத்து, "நீ எழுதாததால வியாதி வருமா? சோத்தத் தின்னு" என்றேன்.

மறுநாளே பெங்களூர் போனோம். டாக்டர் முழுவதும் கேட்கவில்லை. ஒன்பது கிலோ என்றதும் நிமிர்ந்து பார்த்தார், சீட்டில் எழுதத் தொடங்கினார். ரத்தம், மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், எலும்பு ஸ்கேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி. எல்லா ரிப்போர்ட்டும் கைக்கு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

அந்த மூன்று வாரம் நான் எப்படி இருந்தேன் என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எது எதனால் என்பது குழம்பிப் போயிற்று. முதுகு வலித்தால், காலையிலிருந்து நின்று பூக் கட்டியதாலா, இல்லை எலும்புக்குப் பரவிவிட்டதா? இருமல் வந்தால் பண்ணையில் அடித்த பூச்சி மருந்தா, நுரையீரலா? பசிக்கவில்லை. பயத்தால் பசிக்கவில்லையா, நோயால் பசிக்கவில்லையா? எடை ஏறினால் நோய் இல்லை என்று அர்த்தமாகிவிடும் என்று நானே ஒரு கணக்குப் போட்டு, விட்ட எல்லாவற்றையும் சாப்பிட ஆரம்பித்தேன். இட்லி சாப்பிட்டேன். ரங்கம்மா திருப்பித் தந்த பன்னைச் சாப்பிட்டேன். பாதிக்கு மேல் போகாது. ஐந்து மாதம் ஏங்கிய பன் அது, கையில் வைத்துக்கொண்டு விழிப்பேன். எடை மிஷின் பக்கம் மட்டும் போகவில்லை. ஏறியிருந்தாலும் நம்பமாட்டேன், இறங்கியிருந்தால் தாங்கமாட்டேன்.

"இன்னும் டயட்டா அக்கா?" என்றாள் ரங்கம்மா ஒரு நாள். அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. குனிந்து காம்புகளை எண்ணுவதுபோல நடித்தேன்.

அப்போதுதான் எனக்கு இன்னொரு கவலை பிடித்துக்கொண்டது. நான் போய்விட்டால் இந்த மனுஷனுக்கு யார் களி கிண்டுவது? சோறு அவருக்கு இறங்காது. மூன்று நாள் சேர்ந்தாற்போலச் சோறு தின்றால் காய்ச்சல்காரர் மாதிரி ஆகிவிடுவார். சுசித்ரா கட்டிக்கொண்டு போகிறவள், அவளுக்கும் கிண்ட வராது. நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோதெல்லாம் என் நாத்தனார் வந்து சமைத்தாள், வாழ்நாளெல்லாம் வருவாளா? ஆகவே ஒரு சாயங்காலம் அவரை அடுப்புக்கு முன்னால் உட்கார வைத்தேன்.

"எனக்குக் கை வலிக்குது மாமா. கெட்டியா கிண்ட வேணாம்னு டாக்டரு சொல்லிட்டாரு. நீ கத்துக்கோ" என்றேன். கை வலி உண்மைதான், அக்குள் பக்கம் அறுத்ததிலிருந்து அந்தக் கை வீங்கும். ஆனால் கற்றுக்கொடுத்த காரணம் அது இல்லை. அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். களிக்கோலை வாங்கிக்கொண்டார்.

தண்ணீர் கொதி வந்ததும் மாவைக் குவித்துப் போட வேண்டும், உடனே கிளறக் கூடாது, நடுவில் கோலால் ஒரு ஓட்டை போட்டு வேகவிட வேண்டும், அப்புறம் பாத்திரத்தைக் காலால் அணைத்துக்கொண்டு ஒரே பக்கமாக அழுத்திக் கிண்ட வேண்டும். எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். முதல் நாள் கட்டி கட்டியாக வந்தது. சரி, முதல் நாள். இரண்டாம் நாளும் கட்டி. ஐந்தாம் நாளும் கட்டி. பிட்டால் உள்ளே வெள்ளையாகப் பச்சை மாவு.

"இருபத்தி மூணு வருசமா இரும்பக் கடையிற கைதானே? கம்பெனில பத்து மைக்ரான் தப்பாதுன்னு பீத்திக்கிறியே, ஒரு களி கிண்டத் தெரீலியா?" என்று கத்தினேன்.

"வரல" என்றார்.

"எப்படி வராம போவும்? மனசு வெச்சாத்தானே வரும்."

"வரல நஞ்சி. என்னா பண்ணச் சொல்ற?"

அடுத்த இரண்டு வாரமும் இதே சண்டை. நான் அழுதே விட்டேன். சாகப்போகிறேனோ என்கிற பயத்தைவிட, இந்த மனுஷனை இப்படி ஒன்றும் தெரியாமல் விட்டுப் போகப் போகிறேனே என்கிற ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது. எந்த டின்னில் எது இருக்கிறது, கேஸ் சிலிண்டர் சீட்டு எங்கே இருக்கிறது, சுசித்ராவுக்கு எடுத்து வைத்த புடவை எது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அதையெல்லாம் சரியாகத் திருப்பிச் சொன்னார். களி மட்டும் கட்டியாகவே வந்தது. அந்தக் கட்டிகளை அவர் முகம் சுளிக்காமல் விழுங்கினார். நானும் விழுங்கினேன்.

ரிப்போர்ட் வாங்கும் நாள் வந்தது. டாக்டர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். எலும்பு ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திம்மராயன் என் நாற்காலியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒன்றும் இல்லையம்மா. எல்லாம் சுத்தமாக இருக்கிறது" என்றார் டாக்டர்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது சந்தேகம். "அப்புறம் எப்படி சார் எடை குறைந்தது? நான் களி சாப்பிட்டுக்கொண்டுதானே இருந்தேன்?" என்று கன்னடத்தில் கேட்டேன். அன்றைக்குத்தான் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். முன்னால் என்னென்ன சாப்பிட்டேன், எதையெல்லாம் விட்டேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். இட்லி, சோறு, பன், பிஸ்கட், ஐந்து டீயின் பத்துக் கரண்டிச் சர்க்கரை.

அவர் சிரித்தார். "இவ்வளவையும் விட்டால் குறையாதா? களி ஒன்றுதானே மிச்சம். அதோடு, மருந்து ஏற்றியபோது உப்பின உடம்பும் கொஞ்சம் தானாகவே வடிந்திருக்கும். வேலைக்கும் போகிறீர்கள்."

"இதில் எதனால் என்று ஒன்றைச் சொல்லுங்கள் சார்."

"அது எனக்குத் தெரியாதம்மா. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். களியை மட்டும் வேளைக்கு அரை உருண்டையாகக் குறைத்துக்கொள்ளுங்கள்."

படித்த டாக்டருக்கே தெரியாதாம். எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது, அவர் காலில் விழ வேண்டும் என்றும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அத்திப்பள்ளி தாண்டி ஓசூரில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். நான் சுசித்ராவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் அந்தப் பக்கம் ஓவென்று அழுதாள், அமெரிக்காக்காரன் யாரோ லைனில் காத்திருந்தான் போலிருக்கிறது, உடனே வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். பயம் போய்விட்டதா இல்லையா என்று உள்ளே தேடிப் பார்த்தேன், தெரியவில்லை. இளைத்தால் நல்லதா, பருத்தால் நல்லதா, எதுவும் பிடிபடவில்லை. திம்மராயன் சட்டையைக்கூட மாற்றாமல் அடுப்பங்கரைக்குப் போனார். தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. மறுபடியும் கட்டிதானா என்று நினைத்தேன், சண்டை போடத் தெம்பில்லை.

தட்டில் கொண்டுவந்து வைத்தார். உருண்டை பளபளவென்று இருந்தது. விரலால் பிட்டேன். உள்ளே ஒரு கட்டி இல்லை, ஒரு பொட்டுப் பச்சை மாவு இல்லை. என் கையால் கிண்டினால்கூட இவ்வளவு பதமாக வராது.

"யோவ், இது எப்படி?" என்றேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மூணாம் நாளே வந்துருச்சி நஞ்சி."

"அப்புறம் ஏன்யா தெனமும் கட்டியா கிண்டின? நான் அந்தக் கத்து கத்தினனே?"

"கை வலிக்குதுன்னு நீ சொல்றப்பவே தெரியும், எதுக்குக் கத்துக்குடுக்கறன்னு." அவருக்குக் குரல் உடைந்தது. "நான் நல்லா கிண்டிட்டா, இனி இவனுக்குக் கவல இல்லன்னு நீ பாட்டுக்குப் போய்டுவியோன்னு பயம். கட்டியா இருக்கறவரைக்கும் உன்னால விட்டுட்டுப் போவ முடியாது இல்ல?"

கல்யாணமான இருபத்து மூன்று வருஷத்தில் அவர் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான். நான் அவர் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். அடித்த கையை எடுக்க முடியவில்லை, அங்கேயே வைத்துக்கொண்டு அழுதேன். அவரும் அழுதார். களியைக் குறைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர், வேளைக்கு அரை உருண்டை போதும் என்று. நான் முழு உருண்டையையும் சாப்பிட்டேன்.